கரியாகிப்போன ரசீது

வங்கி வேலையில் சேர வேண்டுமென்றால், வங்கியில் வாங்கிய கடனைக் கட்டித் தீர்த்தவள் என்று வங்கியே சொல்ல வேண்டும். கயல்விழியின் கடன் கட்டித் தீர்ந்துவிட்டது. சொல்லத்தான் ஆளில்லை.

பரீட்சை எழுதி வேறொரு வங்கியில் கிளார்க் வேலை வாங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள், யார் கடனைக் கட்டினார், யார் கட்டவில்லை என்று காட்டும் சிபில் அறிக்கை சுத்தமாக வேண்டும். அல்லது கடன் தீர்ந்ததென்று கடன் கொடுத்த கிளையின் கடிதமாவது வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் ஆர்டர் ரத்து. அறிக்கையிலோ, ‘வழக்குத் தொடரப்பட்டது, பாக்கி உள்ளது’ என்று நின்றது. அவளுடைய படிப்புக் கடனுக்காக மன்னார்குடிக் கிளை கேஸ் போட்டதும், கோர்ட்டு தீர்ப்பு சொன்னதும் உண்மை. போன வருஷம் குறுவை அறுத்த கையோடு அவளுடைய அப்பா காத்தான் கோர்ட்டுச் செலவு உட்பட முழுசாகக் கட்டியதும் உண்மை. முதல் உண்மை மட்டும் கம்ப்யூட்டருக்கு எட்டியிருந்தது.

மூன்று நாளாக அலைச்சல். கிளையில் கேட்டால் தஞ்சாவூர் வட்டார ஆபீஸ், தஞ்சாவூரில் கேட்டால் வங்கியின் வக்கீல், வக்கீலைக் கேட்டால் கிளை. இன்று புதன்கிழமை.

கிளை மேனேஜர் தியாகராசன் ரசீது கேட்டார். காத்தான் பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். பட்டா, சாதிச் சான்று, மகளின் டிகிரி எல்லாவற்றுக்கும் செய்ததுபோல இதற்கும் அன்றைக்கே லேமினேஷன் போட்டிருந்தார். பணம் போடும் மிஷின் தந்த சீட்டு அது, சூடு பட்டால் கறுக்கும். ஒரு முனைகூட மடங்காமல், பளபளவென்று, முழுக்கக் கரியாக இருந்தது. மகளிடம் சொல்லப் பயந்து ஒரு வருஷம் பெட்டியடியில் வைத்திருந்தார். கோர்ட்டுக்குக்கூட அவர் அவ்வளவு பயந்ததில்லை.

ஆதாரமில்லாமல் எப்படிம்மா எழுதித் தருவது, நீயே சொல்லு என்றார் மேனேஜர்.

கயல்விழி அப்பாவை ஒருமுறை பார்த்தாள். அந்தச் சண்டையை வீட்டுக்கு ஒத்திவைத்தாள்.

“எங்க கையில ரசீது இல்ல, சரி. உங்க கையில பணம் இருக்குல்ல சார், அதைப் பாருங்க.”

கம்ப்யூட்டரில் அவளுடைய கடன் கணக்கைத் திறந்து பார்த்தார். தேதியோடு, தொகையோடு இருந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கடிதம் அடிக்கத் தொடங்கினார். ‘சமரசமாக முடிக்கப்பட்டது’ என்று திரையில் ஏறியது. கயல்விழி மேஜைமேல் கை வைத்தாள்.

“குறைச்சுக் கட்டி முடிச்சவங்களுக்குத்தான் சார் அந்த வார்த்தை. அதைப் போட்டா அங்க என்னை வேலைக்குச் சேக்க மாட்டாங்க. நாங்க ஒரு ரூபா குறைக்கல.”

ரெண்டும் ஒண்ணுதாம்மா என்று முனகிவிட்டு, ‘முழுவதும் செலுத்தப்பட்டது’ என்று மாற்றினார். சிபிலுக்கும் அப்படியே அனுப்பினார். கடிதத்தில் சீல் குத்தும்போது அவர் பேச்சில் முதல்முறையாக மரியாதை வந்தது. “நாளைக்கு நீங்களும் இப்படி ஒரு சீட்டுல உக்காந்தா எங்க கஷ்டம் புரியும்.”

“புரிஞ்சிடுமோன்னுதான் சார் பயமா இருக்கு” என்றாள்.

வழக்கு தீர்ந்ததென்று கோர்ட்டில் சொல்ல வக்கீலுக்கும் ஒரு கடிதம் கேட்டாள். அது கைக்கு வரும்வரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.