கரையில் மிஞ்சிய கதவு

கொறற்றி ஆற்றங்கரைக் குடியிருப்பை விட்டுப் போகாததற்கு ஒரே காரணம் கமலாம்பிகை. வேறொன்றுமில்லை.

டுசல்டோர்ஃப் நகருக்கு வெளியே, றைன் ஆற்றோரம், துறைமுகத் தொழிலாளருக்காக ஒருகாலத்தில் கட்டிய பலகை வீடுகள் அவை. எண்பத்தைந்தில் தமிழ் அகதிகளை அங்கேதான் கொண்டுபோய் விட்டார்கள். முதலில் வந்து இறங்கியவள் மன்னார்க் கொறற்றி. கணவனை ஊரிலே பறிகொடுத்துவிட்டு, சின்ன மகளோடு வந்தாள். பிறகு வந்தது பாருங்கள் சனம், திருவிழாக் கூட்டம்! முதல் கலியாணம், முதல் பிள்ளைப்பேறு, முதல் அடிதடி எல்லாம் அந்தக் கரையில்தான். விசா கிடைத்தது, வேலை கிடைத்தது, ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ! இரண்டாயிரத்து நாலில் மிஞ்சியது இரண்டே குடும்பம், கொறற்றியும் கமலாம்பிகை வீட்டாரும்.

அந்தத் தை மாதம் மகள் வெரோனிக்கா தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே தாய்க்கு ஒரு வீடு பார்த்துவைத்தாள். பக்கத்துக் கதவுக் கமலாம்பிகை ஓடிவந்து அழுதாள்.

"நீங்களும் போனா எனக்கு இஞ்ச ஆர் இருக்கினம் அக்கா? போகாதேங்கோ."

கொறற்றிக்கு மனம் கேட்கவில்லை. மகளிடம் ஏலாது என்றாள். மகள் கோபித்துக்கொண்டு பேச்சையே நிறுத்திவிட்டாள். கமலாம்பிகை விடிய எழும்பித் துப்புரவு வேலைக்கு ஓட, அவள் மகள் கிருசாந்தியைப் பள்ளிக்கு அனுப்புவதும் சோறு போடுவதும் வழக்கம்போலக் கொறற்றிதான்.

ஆவணியில் ஒரு ஞாயிறு பின்னேரம் கமலாம்பிகை பட்டுச்சேலையோடு வந்து நின்றாள். கையில் சர்க்கரைப் பொங்கல்.

"என்னடி விசேஷம்?"

"டவுணில வீடு வாங்கிட்டமக்கா. இண்டைக்குக் காலமை பால் காய்ச்சினது."

"ஆர் ஆர் வந்தவை?"

"பழைய கரைச் சனம் எல்லாரும்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

கமலாம்பிகை செருப்பைப் பார்த்தாள். "குறை நினையாதேங்கோ. நல்ல காரியத்துக்கு முழுவியளம், ஆர் முகத்தில முழிக்கிறம் எண்டு பாக்கோணும் எண்டு இவர் சொன்னவர். நீங்கள் புருசன் இல்லாத ஆள்... நாளைக்கு வாங்கோவன்."

"வீட்டை எப்ப பேசி முடிச்சனீங்கள்?"

"மார்கழியில."

மார்கழியில்! அப்படியானால் தையில் அழுத அழுகை? பிள்ளை பார்க்க ஆள் வேண்டுமென்றா? கொறற்றி தன் கதவைக் காட்டினாள்.

"பனிக்குள்ள நிறைமாத வயித்தோட நீ வந்து நிண்ட அண்டைக்கு இந்தக் கதவைத் திறந்தது ஆர், கமலம்? அண்டைக்கும் நான் புருசன் இல்லாதவள்தான். என்ர முகத்தில முழிச்சுத்தான் உள்ளுக்கு வந்தனீ. அப்ப முழுவியளம் பாக்கேல்லையோ?"

கமலாம்பிகை பொங்கலைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். கொறற்றி அதைத் தொடவில்லை. மகளுக்குப் போன் எடுத்தாள்.

"அந்த வீடு இன்னும் இருக்கோ பிள்ளை?"

"அதுக்கு வேற ஆக்கள் வந்திட்டினம் அம்மா" என்றாள் வெரோனிக்கா.