ரேகை விழாத விரல்

"இதுல கட்டைவிரலை வைங்கம்மா, அவ்வளவுதான்" என்று கட்டட எஞ்சினியர் செல்போனை நீட்டியபோது, தையல்காரி பிணவறை வாசலில் தன் கணவனின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் அதைக் கத்தரித்துத்தான் கழற்றியிருந்தார்கள். மடிப்பதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. இருபது வருடம் துணியோடு புழங்கிய கைகள் சும்மா இருக்குமா? கிழிந்த ஓரத்தைக் கிழிந்த ஓரத்தோடு சேர்த்து நீவிவிட்டன.

"எதுக்கு சார்?"

"இப்பல்லாம் பேப்பர் கிடையாதும்மா. நடந்ததை வீட்ல சொல்லிட்டோம்னு இதுலதான் பதியணும்."

"என்ன நடந்துச்சுன்னு போட்டிருக்கு?" என்று கேட்டான், பக்கத்தில் நின்ற கொழுந்தன்.

எஞ்சினியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத முகம். போனைப் பார்த்தே படித்தார். பத்து ஐம்பதுக்குக் கம்பி லாரி வந்திருக்கிறது. பதினொன்று பத்துக்கு ஸ்டோர் கீப்பர், கம்பியைக் கிரேனில் கட்டித் தூக்கும் பட்டையைச் சரிபார்த்து, நல்ல நிலையில் இருக்கிறது என்று கைரேகை வைத்திருக்கிறார். அவர் ரேகை வைத்தால்தான் சரக்கை இறக்கலாம் என்பது விதி. அதற்குப் பிறகு கிரேன் தூக்கியது. பட்டை அறுந்தது. கம்பிக் கட்டு கீழே நின்ற அதே ஸ்டோர் கீப்பர் மேலேயே விழுந்தது.

"அப்போ எங்க அண்ணன் சரியாப் பார்க்கலங்கறீங்க."

"நான் சொல்லல தம்பி. சிஸ்டம் சொல்லுது."

தையல்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எஞ்சினியர் மேல் அல்ல, உள்ளே படுத்திருந்தவர் மேல். அரிசி வாங்கினால்கூடக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கல் பார்க்கிற மனுஷன். இன்றைக்கு மட்டும் அந்தக் கண் எங்கே போயிருந்தது? ஒரு பட்டையைப் பார்க்கத் தெரியாமல் என்னை இப்படி நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போவாயா என்று மனதுக்குள் அவரை ஒருமையில் திட்டினாள்.

அந்தப் போன் வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு கம்பிக் கட்டிலும் ஒட்டிய சீட்டைப் படம் பிடித்தால் அது எந்த ஆலையில் எப்போது கிளம்பியது என்பது வரை சொல்லிவிடும். "லாரி எங்க டீ குடிக்குதுன்னு எனக்குத் தெரியும், என் பொண்டாட்டி எங்க போயிருக்கான்னுதான் தெரியாது" என்று அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். ஒரே ஒரு தொல்லை, ரேகை. சிமெண்டு தின்ற கட்டைவிரலை அந்தப் போன் சட்டை செய்யாது. எச்சில் தொட்டுச் சட்டையில் தேய்த்துத் தேய்த்து நல்ல சட்டைகளெல்லாம் பாழாயின. அதனால்தான் தினமும் காலையில் தையலில் மிஞ்சிய வெள்ளைத் துணியில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒன்று வெட்டி, நாலாக மடித்து, அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புவாள்.

"நாலு தடவை துடைச்சாத்தான் அந்த மகாராணிக்கு என்னை அடையாளம் தெரியுது" என்பார்.

"நான் ஒரு தடவை பார்த்ததுக்கே மாட்டிக்கிட்டேன்" என்பாள் இவள்.

பிணவறை ஊழியர் எட்டிப் பார்த்தார். "வீட்டுக்காரங்க யாரு? வந்து அடையாளம் சொல்லிடுங்க."

இருவரும் உள்ளே போனார்கள். துணியை முகத்திலிருந்து விலக்கியதும் கொழுந்தன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். முகத்தை அதற்குமேல் பார்க்க முடியவில்லை. வெளியே தொங்கிய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். ரத்தமும் சிமெண்டும் கலந்து இறுகி, நகக்கண்வரை கறுத்திருந்தது. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தாள்.

கட்டைவிரலில் கை நின்றது.

நுனியிலிருந்து முதல் கணு வரை அது சுத்தமாக இருந்தது. ரேகைகள்கூடத் தெரிந்தன. கணுவைச் சுற்றி, துடைத்த இடம் முடிகிற இடத்தில், ரத்தம் மோதிரம்போலக் காய்ந்திருந்தது.

"இந்தக் கையை நீங்க துடைச்சீங்களா அண்ணே?"

"டாக்டர் வராம நாங்க தொட மாட்டோம்மா. வந்தது வந்தபடி இருக்கு."

அவள் இடுக்கியிருந்த சட்டையை விரித்துப் பையில் கைவிட்டாள். காலையில் வைத்த துணி அப்படியே இருந்தது. வெளிப்பக்கம் ரத்தத்தில் ஊறியிருந்தது. பிரித்தால் உள்ளே வெள்ளை. மடிப்பு கலையவே இல்லை.

அவர் ரேகை வைத்த பிறகு கம்பி விழுந்திருந்தால் கட்டைவிரலிலும் ரத்தம் படிந்திருக்கும். கம்பி விழுந்து ரத்தம் வழிந்த பிறகுதான் யாரோ துடைத்திருக்கிறார்கள். தேவைப்பட்ட ஒரே ஒரு விரலை மட்டும்.

செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகிறான் என்று நினைத்திருப்பார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. நானும்தானே நம்பினேன், நானும்தானே திட்டினேன்.

"தம்பி, இங்க பாரு."

கொழுந்தன் பார்த்தான். கையைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"அண்ணி... அண்ணன் ரேகையே வைக்கல."

"படம் எடு. அஞ்சு விரலும் தெரியணும். அழுவுறதை அப்புறம் அழுவலாம்."

அவன் எடுத்தான். அவள் துணியை மறுபடி அதே மடிப்பில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வெளியே வந்தபோது எஞ்சினியர் அதே இடத்தில் நின்றிருந்தார். போனின் வெளிச்சம் அணைந்துவிடாமல் அவ்வப்போது தட்டிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதாம்மா? இதுல மட்டும் ஒரு விரல்..."

தையல்காரி தன் வலது கையைப் பார்த்தாள். கணவர் கையைப் பிடித்திருந்ததில் அதிலும் சிமெண்டு ஒட்டியிருந்தது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் வைத்து, மற்ற நான்கு விரல்களையும் அதன்மேல் மூடிக்கொண்டாள்.