பத்துப் பாரை

ஜுமானா வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இருபது நிமிடம் தொடங்கியது. ஓர்ஸ் ஹில்லில் அந்தத் தெருவுக்கே அது புதினம். எங்காவது கறி அடிப்பிடித்தால் எந்த வீடு, என்ன கறி என்று உடனே சொல்லக்கூடிய பிள்ளை, தன் வீட்டு மேசையடியில் உதட்டைக் கடித்தபடி நின்றாள். கதிரையில் இருந்தவர் பக்கத்து வீட்டுப் புஸ்பராணி. ஐஸ் பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நிலாவெளி ஹோட்டல்களுக்கு மீன் கொடுப்பவர். காலையில் ஒரு ஹோட்டல் சமையல்காரனோடு போனில் பிடித்த சண்டையின் சூடு இன்னும் முகத்தில் இருந்தது. கணினியைத் தொட்டது இன்றைக்குத்தான். அதற்காகவே அவரைக் கூப்பிட்டது.

எல்லாவற்றையும் கணக்குப் பாடத்துச் சார்புகளால் கட்டுகிற, ஒருமுறை பெயர் வைத்ததை மாற்ற விடாத ஒரு கணினி மொழி. அதைப் புதிதாகப் படிப்பவர்களுக்குத் தமிழில் விளக்கும் பக்கங்களை ஜுமானா ஆறு மாதமாகச் செதுக்கிவந்தாள். செதுக்குவது என்பது அவள் சொல்வது. ஒரு வரியை எழுதி, அழித்து, திரும்ப அதையே எழுதுவதுதான் அந்த வேலை என்பது அவளுடைய கூடப்பிறந்த நானா நஸ்ரியின் கட்சி. இன்று முதற்பக்கம் தேறினால் மீதிப் பக்கங்களை எழுத ஒரு வருட வேலை. தேறாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து நஸ்ரி ஒழுங்குசெய்த ஹோட்டலில் வரவேற்பு மேசை, சீருடை, நாள் முழுக்கச் சிரிப்பு.

திரையின் மூலையில், அந்த வேலையைக் கொடுக்கவிருக்கும் இராகுலன் கொழும்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சோதனை அவருடைய ஏற்பாடு. கணினி தெரியாத ஒருவர் பக்கத்தை வாசித்து முதற் பயிற்சியைச் செய்ய வேண்டும். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. வாசிப்பவர் தடுக்கினால் ஒரேயொரு வசனத்தை மாற்றலாம்.

புஸ்பராணி விரல் வைத்து வாசித்தார். 'பெயர் என்பது ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டி.' முகம் மலர்ந்தது. பெட்டியைப் பற்றி அவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது! பயிற்சி: பத்து மீனில் மூன்று விற்றால் மிச்சம் எத்தனை? 'மீன் = 10' என்று ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார். அடுத்து 'மீன் = மீன் - 3'. திரை சிவந்தது. 'மீன் என்ற பெயருக்கு ஏற்கெனவே மதிப்பு உண்டு. மாற்ற முடியாது.'

"ஏன் ஏலாது? மூண்டை எடுத்தா பெட்டியில ஏழுதானே! பிள்ளை, உன்ர மெசின் ஒரு நாளும் மீன் விக்கேல்லைப் போல."

ஜுமானா தலையை மட்டும் ஆட்டினாள். அதற்கே இராகுலன் செருமினார்.

"தலையும் கதைக்கக் கூடாது, ஜுமானா. வசனத்தை மாத்துங்கோ. பத்து நிமிசம் இருக்கு."

மூன்று கிழமை மினுக்கிய வசனம். அவள் படித்த புத்தகமெல்லாம் பெட்டி என்றுதான் சொல்லின. ஆனால் பெட்டி என்றால் மீன்காரி திறப்பார், எடுப்பார், போடுவார். 'மாறாதது' என்று எழுதினாலும் வாசித்துவிட்டுத் திரும்பவும் பெட்டியைத்தான் திறப்பார். எழுதினாள், அழித்தாள். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. இன்னும் மூன்று நிமிடம்தான்.

அப்போதுதான் காலைச் சண்டை நினைவுக்கு வந்தது. தற்செயலாகக் காதில் விழுந்தது என்று அவள் சத்தியம் பண்ணுவாள். மதிலடியில் கதிரை போட்டிருந்தது வேறு கதை. புஸ்பராணி போனில் கத்தியது: "படத்தில பத்துப் பாரை இருக்கெண்டா? அது விடிய எடுத்து அனுப்பின படம், தம்பி! வித்தாப் பிறகு படத்துக்குள்ள மீன் குறையுமோ?"

விரல்கள் ஓடின. 'பெயர் வைப்பது பெட்டியைப் படம் பிடிப்பது போல: பிறகு மீன் விற்றாலும் அந்தப் படம் மாறாது; மிச்சத்தைக் காட்ட இன்னொரு படம் பிடித்து, அதற்கு வேறு பெயர் வையுங்கள்.'

புஸ்பராணி வாசித்தார். மெதுவாகத் திரும்பினார்.

"இது என்ர கதையெல்லோ! மதிலடியில நிண்டு ஒட்டுக் கேட்டனியோ?"

நல்ல மறுமொழிகள் மூன்று ஜுமானாவின் நாக்கு நுனியில் வந்து நின்றன. இராகுலன் இமைக்காமல் பார்த்தார்.

"சொல்லன்! வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையோ?"

கதிரை பின்னால் நகர்ந்தது. எழும்பிவிட்டால் எல்லாம் முடிந்தது. புஸ்பராணி எழும்பவில்லை. முறைத்தபடியே கதிரையை முன்னுக்கு இழுத்து, ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடிக் குத்தினார். 'மிச்சம்'. பிறகு '= மீன் - 3'. விடையைக் காட்டும் கடைசிச் சாவியின் மேல் விரல் அப்படியே நின்றது. நகத்தோரம் ஒட்டியிருந்த பாரைச் செதில் திரை வெளிச்சத்தில் மினுங்கியது. மறுமொழி வராமல் அழுத்துவதாயில்லை; அவர் கண்கள் ஜுமானாவின் வாயை விட்டு அசையவில்லை.