வரி போடாத புகையிலை

சுங்கத்தில் கணக்கெழுதும் சிவசம்புக் கிராணியைப் போல ஒரு கறார் மனிதரை ஜொகூர் பாரு ஸ்டேஷன் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. சிங்கப்பூரில் எதை வாங்கினாலும் கேட்பாரில்லை. பாலத்தைத் தாண்டி ஜொகூர் மண்ணுக்கு வந்துவிட்டால் புகையிலைக்கு வரி, சாராயத்துக்கு வரி. ரயில் வந்து நின்றதும் சனங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கிச் சுங்கக் கொட்டகைக்கு வர வேண்டும். கொண்டுவந்ததைச் சொல்லி, படிவத்தில் எழுதி, கையெழுத்து வைத்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். இங்கிலீஷ் எழுதத் தெரியாதவர்களுக்குச் சிவசம்புவே எழுதிக் கொடுப்பார். பெட்டிகளைத் திறந்து காட்டுவதும் தராசு பிடிப்பதும் என் வேலை.

அவருடைய சொந்த மாமனார் ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். மடியில் செருகியிருந்த சுருட்டுக் கட்டை மருமகன் வெளியே எடுக்க வைத்து, நிறுத்து, வரி போட்டு, கிழவர் கையாலேயே கட்ட வைத்துவிட்டார். வீட்டில் அவர் மனைவி மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்வி. யாராவது இதை இழுத்தால், தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லிவிட்டு அடுத்த படிவத்தை எடுப்பார். மூவார் தொடங்கிச் சிகாமட் வரைக்கும் யாழ்ப்பாணத்தார் வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. நானும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று திட்டியவன்தான். ஆனால் அன்றைக்கு அவர் வரி போடாமல் விட்டதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

அன்று காலை, சிங்கப்பூர் ரயில் வருவதற்குச் சற்று முன், தந்திக் கிராணி கதிரேசு கையில் காகிதத்தோடு கொட்டகைக்குள் வந்தார். பெக்கோக் ஸ்டேஷன் மாஸ்டர் ஏரம்பமூர்த்தி இரவு காய்ச்சலில் இறந்துபோனார் என்று தந்தி. எங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். சம்பளம் வாங்க, சாமான் வாங்க என்று இந்தப் பக்கம் வந்தால் வெற்றிலையை மென்றபடி எங்கள் மேசையோரம் நின்று கேலி பேசிவிட்டுப் போவார். முப்பது வயதுகூட இருக்காது. காடு சூழ்ந்த அந்த ஸ்டேஷனில் காய்ச்சல் வராதவர்கள் இல்லை. ஆனால் வந்தவர்கள் எழுந்து நடமாடத்தான் செய்தார்கள்.

அதைவிடக் கொடுமை, அவர் மனைவி கமலாம்பிகை அந்த ரயிலில்தான் வந்துகொண்டிருந்தாள். கலியாணம் முடித்த கையோடு மூர்த்தி மலாயாவுக்குத் திரும்பியவர். குடும்பம் வைக்க வீடு கிடைத்த பிறகுதான் அவளை வரச் சொல்லி எழுதினார். கப்பலில் துணைக்கு வந்த குடும்பம் சிங்கப்பூரில் தங்கிவிட்டது. ஜொகூரில் புருஷன் வந்து நிற்பார் என்ற தைரியத்தில் அவளைத் தனியாக ரயிலேற்றி விட்டிருந்தார்கள்.

"பொம்பிளை ஒருத்தி பக்கத்தில இல்லாமல் இதைச் சொல்லேலாது," என்றார் கதிரேசு. "நான் வீட்ட போய் அன்னபாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு வாறன். அதுவரைக்கும் அந்தப் பிள்ளையை இஞ்ச மறிச்சு வையுங்கோ. வாய் தவறியும் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ."

அதே ரயிலில் கதிரேசுவும் அவர் மனைவி அன்னபாக்கியமும் கமலாம்பிகையைப் பெக்கோக்குக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. உடலை அவளுக்காக வைத்திருந்தார்கள். ரயில் கார்டிடமும் சொல்லியாயிற்று. அவர் கொஞ்சம் பிந்திக் கொடி காட்டுவதாக ஒத்துக்கொண்டார்.

சிவசம்பு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். பசித்த வயிற்றில் சாவுச் செய்தி சொல்லக்கூடாது. செய்தி காதில் விழுந்துவிட்டால் சவம் எடுக்கும்வரை அவள் வாயில் பச்சைத் தண்ணீர் படாது. ஆகையால் முதலில் அவளை எதையாவது சாப்பிட வைக்க வேண்டும் என்று சொல்லி, வெளியே போய்த் தோசை வாங்கிவர எனக்குக் காசு கொடுத்தார்.

எனக்கு இந்த நாடகம் பிடிக்கவில்லை. "ஒரேயடியா சொல்லிட்டா என்னங்கய்யா? பொய் சொல்லி எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"நீ தோசையை வாங்கிக்கொண்டு வா, மணியம்," என்றார்.

நான் இலைப் பொட்டலத்தோடு திரும்பியபோது ரயில் வந்துவிட்டது. அவளை அடையாளம் காணச் சிரமமே இல்லை. எல்லாரும் கொட்டகையை நோக்கி ஓட, அவள் மட்டும் பச்சைச் சேலையைச் சரிசெய்துகொண்டு மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரைத் தேடுகிறாள் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தப் பார்வையை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கடைசி ஆளாக மேசைக்கு வந்தாள். சிவசம்பு மைக்கூட்டைப் பார்த்தபடியே, மூர்த்திக்கு லீவு கிடைக்கவில்லை, மாற்று ஆள் வரவில்லை, வேறு ஆட்கள் துணைக்கு வருகிறார்கள் என்று ஒப்பித்தார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுடைய பொய்யைக் கண்டுபிடித்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு பொய் சொல்ல வரவில்லை. நல்லவேளை, அவள் அவர் முகத்தைக் கவனிக்கவில்லை. மறுபடி மேடையைத்தான் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "அவருக்கு ரயில்தான் மூத்த பெண்சாதி."

தோசைப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். வேண்டாம் என்றாள். தானே சமைத்து வைத்துக் காத்திருப்பதாக அவர் எழுதியிருந்தாராம், அங்கே போய்த்தான் சாப்பிடுவாளாம். ஒரு வாயாவது சாப்பிடும்படி சிவசம்பு இரண்டு முறை கெஞ்சினார். முன்பின் தெரியாத சுங்கக் கிராணி இப்படி உபசரிப்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திச் சிரித்தாள்.

படிவம் தொடங்கியது. பெயரைச் சொன்னாள். கணவன் பெயர் என்று வந்ததும் வாய் திறக்காமல், டிரங்குப் பெட்டியின் மேல் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்ததைக் கையால் காட்டினாள். நல்ல குடும்பத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. சிவசம்பு பெட்டியைத் திரும்பிப் பார்க்காமலேயே எழுதினார்.

மற்ற நாளாக இருந்தால் ஒரு மூச்சில் முடிந்திருக்கும். அன்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டார். இந்தப் போத்தலில் என்ன, நல்லெண்ணெய்யா, யார் வீட்டு எள், அந்தப் பொட்டலத்துப் பனங்கிழங்கு ஒடியலா, புழுக்கொடியலா. நான் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினேன். பனங்கட்டி அடைத்த ஓலைக் குட்டான்கள் இருந்தன. மோர் மிளகாய் இருந்தது. புது வேட்டி ஒன்று, கரை மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைத் தொட்டபோது எனக்குக் கை கூசியது. கட்டிக்கொள்ள ஆளில்லாத வேட்டியை விரித்துக் காட்டி, இது பழையதா புதியதா என்று ஒருவர் கேட்க, புதியது என்று அவள் பெருமையாகச் சொல்ல, இதெல்லாம் என்ன பிழைப்பு என்று மனதுக்குள் காறித் துப்பினேன். கதிரேசுவைக் காணவில்லை. மேடையில் கார்டு சும்மா கொடியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்.

அப்போது அவளாகவே பனையோலைப் பை ஒன்றை மேசைமேல் தூக்கி வைத்தாள்.

"இதுக்கு வரி இருக்குது எண்டு தெரியும்," என்றாள். "புகையிலை. நான் ஒளிக்கேல்லை."

வாயைக் கட்டியிருந்த நாரை அவிழ்த்ததும் கொட்டகை முழுக்க வாசனை எழும்பியது. அவள் தகப்பன் தோட்டத்துப் புகையிலை. இங்கே கிடைக்கும் இலை வைக்கோல் மாதிரி இருக்கிறது என்று மூர்த்தி கடிதத்துக்குக் கடிதம் குறைப்பட்டாராம். வெற்றிலையோடு போட நல்லதாகப் பார்த்து அவளே பொறுக்கிக் கட்டினாளாம். இவ்வளவும் சொல்லிவிட்டுச் சிவசம்புவைக் குறும்பாகப் பார்த்தாள்.

"ஜொகூரில சிவசம்பர் எண்டு ஒருத்தர் இருக்கிறார், மாமனாருக்கே வரி போட்டவர், அவரிட்ட ஒளிக்காத, உள்ளதைச் சொல்லிக் கட்டிப்போட்டு வா எண்டு இவர் எழுதியிருந்தார். நீங்கள்தானே அவர்?"

சிவசம்பு தலையை மட்டும் ஆட்டினார். நான் பையைத் தூக்கித் தராசுப் பக்கம் போனேன்.

"நிறுக்க வேண்டாம்," என்றார் அவர். "கட்டி வை."

எனக்குக் காது சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. பை கையிலேயே நின்றது. அவர் படிவத்தில் புகையிலைக்கு நேரே ஒரு கோடு இழுத்தார். சொந்தப் பாவனைக்குத்தானே, கொஞ்சம்தானே, இதற்கு வரி இல்லை என்று முணுமுணுத்தார். இரக்கம்தான். செத்தவனுடைய புகையிலைக்கு அவன் பெண்டாட்டியிடம் காசு வாங்க அவருக்கு மனம் வரவில்லை. எத்தனையோ பேர் காலைப் பிடித்தும் வராத இரக்கம், வரவே கூடாத நேரம் பார்த்து வந்து நின்றது.

கமலாம்பிகையின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. "ஏன் அண்ணை?" என்று கேட்டாள்.

அவர் மைக்கூட்டை அருகே இழுத்தார்.

"மாமனாருக்குப் போட்ட நீங்கள்."

அவர் பேனாவை மையில் தோய்த்தார். தோய்த்துக்கொண்டே இருந்தார். அவளுக்குச் சற்று முன்பு நின்ற சீனருக்கு ஒரு சின்ன டின் சிகரெட்டுக்கு வரி போட்டதை அவள் பார்த்திருக்கிறாள். இப்போது தோசைப் பொட்டலத்தைப் பார்த்தாள். நகராமல் நிற்கும் ரயிலைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். வேறு என்ன செய்வது?

"வரியை எழுதுங்கோ," என்றாள்.

சிவசம்பு பேனா முனையைத் துடைத்தார்.

"எழுதுங்கோ அண்ணை. நான் உயிரோட இருக்கிற மனிசனுக்குத்தான் கொண்டு வந்தனான். வரியைப் போடுங்கோ."

குரல் உயரவில்லை. கடையில் மிச்சக் காசு கேட்பது போலத்தான் கேட்டாள். எழுதினால் பொய், எழுதாவிட்டால் இழவு. அந்த மனிதர் இரண்டுக்கும் நடுவில் பேனாவைப் பிடித்தபடி வேர்த்து வழிந்தார். பிறகு சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னார்.

"பிள்ளை, முதல் இதில ஒரு வாய் சாப்பிடுங்கோ."

அவள் அப்படியே டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. விரித்துக் கிடந்த வேட்டியை மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை, உதறி மறுபடி மடித்தாள்.

"எப்ப?" என்றாள்.

"ராத்திரி. காய்ச்சல்," என்றார் சிவசம்பு.

இதற்குத்தான் இவ்வளவு பாடுபட்டோம். பக்கத்தில் பொம்பிளை இல்லை, வயிற்றில் ஒரு பருக்கை இல்லை, செய்தி சொன்னவர் வரி வசூலிக்கிற கிராணி. சொல்லித் தொலைத்திருந்தால் ரயிலை விட்டு இறங்கியதுமே அழுதிருப்பாள். மேடை முழுக்கக் கண்ணால் தேட வைத்து, மூத்த பெண்சாதி என்று கேலி பேச வைத்து, புது வேட்டியை விரித்துக் காட்ட வைத்து, அதற்குப் பிறகு சொன்னோம். இதை மரியாதை என்று எவன் ஏற்படுத்தி வைத்தானோ, அவன் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

கமலாம்பிகை எழுந்தாள். என் கையிலிருந்த பையைக் காட்டி, "நிறுங்கோ," என்றாள்.

சிவசம்புவைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். நிறுத்தேன். அவர் முன்பு இழுத்த கோட்டை அடித்துவிட்டு எடையை எழுதினார், வரியை எழுதினார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை மேசையில் வைத்தாள். சரக்கு யாருக்கு என்ற இடத்தில் பேனா மறுபடி நின்றது.

"ஏரம்பமூர்த்தி," என்றாள். கொட்டகையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. "எழுதுங்கோ. ஏரம்பமூர்த்தி."

எழுதினார். அவள் கையெழுத்து வைத்தாள். முத்திரை குத்தி ரசீதைக் கொடுத்தார், வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கதிரேசு மூச்சு வாங்க உள்ளே வந்தார். பின்னால் அன்னபாக்கியம், எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வந்த முகத்தோடு. யோசித்தது எதுவும் வாய்க்கு வராமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"வரி கட்டிப்போட்டன் அக்கா," என்றாள் கமலாம்பிகை. "இனி ஆரும் மறிக்கேலாது. வாங்கோ, அவரிட்டப் போவம்."

புகையிலைப் பையை அவளே தூக்கிக்கொண்டாள். நான் கை நீட்டியும் தரவில்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த அழுகை கேட்டது. வண்டி வளைவு திரும்பும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

சிவசம்பு அதற்குப் பிறகும் நெடுங்காலம் அந்த மேசையில் இருந்தார். யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. தெரிந்தவர், சொந்தக்காரர், கோயில் தலைவர் என்று யார் வந்து கெஞ்சினாலும், "வரி கேக்கிற வரைக்கும் நல்லது எண்டு நினைச்சுக் கட்டிப்போட்டுப் போங்கோ," என்பார். இந்தச் சிவசம்பனுக்குக் கொழுப்பு என்று திட்டிக்கொண்டே கட்டுவார்கள். நான் மட்டும் அதன் பிறகு அவரைத் திட்டியதில்லை. தராசைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த பெட்டியைத் திறப்பேன்.