அளந்து போட்ட சோறு

1.

அன்று மருத்துவமனை அறையில் இருந்தவர்கள்: பக்கவாதத்திலிருந்து பிழைத்த என் தம்பி, அவன் மனைவி, டாக்டர், எங்கள் சித்தப்பா, நான். இந்தக் கதை பிறந்ததே சித்தப்பாவின் வாயால்தான்.

டாக்டர் சொன்னது இது: "உடம்புல இன்சுலின் இருக்கு. ஆனா உடம்பு அது பேச்சைக் கேக்கல. இன்சுலின் எதிர்ப்புன்னு சொல்வோம். கட்டுப்படுத்தலைன்னா மறுபடி வாதம் வரலாம். ஞாபகமும் மங்கலாம்."

சித்தப்பா காதில் பாதிதான் விழுந்தது. வெளியே போய், "பயலுக்கு எதிர்ப்பு சக்தி ஜாஸ்தியாம். யாரு ரத்தம்!" என்றார்.

2.

நான் எழுதிப் பார்த்த தொடக்கம்: "நல்ல ஆரோக்கியத்துடன் வாழ்ந்துவந்த என் தம்பி…" அடித்துவிட்டேன்.

வேறு: "மூப்பின் காரணமாக…" அவனுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. அதையும் அடித்தேன்.

[தம்பி அச்சகத்தில் பிழை திருத்துபவன். அங்கே அவன் பெயர் 'ஒற்று'. ஓர் ஒற்றெழுத்து விடுபட்டாலும் முதலாளியை எழுப்பிச் சண்டை போடுவான். முதல் பகுதியை அவனிடம் கொடுத்தேன். 'எதிர்ப்பு சக்தி'யில் 'ச்' இல்லை; வேண்டுமென்றே விட்டிருந்தேன். படித்துவிட்டு, "நல்லாருக்குண்ணே" என்றான்.]

3.

தம்பி மனைவி அவனுக்குச் சோற்றை அளந்துதான் போடுவாள். கை கழுவியதும் அவன் சாப்பிட்டதை மறந்துவிடுவான். பார்க்க வந்த சித்தப்பாவிடம், "இவ எனக்குச் சோறே போடல" என்றான். அவன் மீசையில் பருக்கை ஒட்டியிருந்தது.

"கட்டுனவனைப் பட்டினி போட்டே மூளையை வத்த வச்சிட்டியேம்மா!" என்று சித்தப்பா அவள்மேல் பாய்ந்தார்.

"டாக்டர் சொல்லித்தான் அளந்து போடுறா, சித்தப்பா," என்றேன்.

"எந்த நோய்க்குடா? நம்ம குடும்பத்துலதான் சர்க்கரையே கிடையாதே?"

நான் வாயைத் திறக்குமுன், சொல்ல வேண்டாம் என்று அவள் தலையை அசைத்தாள். அவள் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம்; குடும்பத்தில் சர்க்கரை என்று தெரிந்தால் முறிந்துவிடும். பழி தன்னோடு போகட்டும் என்று நினைத்தாள்.

சித்தப்பா சும்மா இருப்பாரா? பட்டினிக் கதை உறவு முழுக்கப் பரவியது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். குடும்ப மானம் காக்க நோயை மறைத்து எழுதிப் பார்த்தேன். மறைத்தால் அவள்மேல் உள்ள பழி நிற்கிறது. அவளும் என் குடும்பம்தான்.

தம்பி மகள் எல்லாப் பிரதிகளையும் படித்தாள். "அம்மா பேரை அடகு வச்சு எனக்கு ஒரு மாப்பிள்ளை வேணாம், பெரியப்பா. எழுதுங்க."

"சம்பந்தம் முறிஞ்சா?"

"சர்க்கரைக்குப் பயந்து ஓடுறவன் நாளைக்கு எதுக்குத்தான் நிப்பான்?"

4.

தம்பி ஒருநாள் 'ச்' எங்கே என்று கேட்பதாக ஒரு முடிவு எழுதலாம். என் பெயரையே மறப்பதாக இன்னொன்று. எது நடக்கும் என்று டாக்டருக்கே தெரியவில்லை. விருப்பமானதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் உங்களிடம் விடமாட்டேன்.

என் தம்பியை அவன் மனைவி பட்டினி போட்டாள் என்பது பொய். டாக்டர் சொன்ன அளவு சோறு, சொன்ன வேளைக்குப் போட்டாள். எங்கள் குடும்பத்தில் சர்க்கரை உண்டு. எங்கள் அப்பாவுக்கு இருந்தது. எனக்கும் இருக்கிறது.