வேரில் பட்ட பிரஷ்

பல் செட் செய்து கொடுப்பதில் அவர் கெட்டிக்காரர். தெருவே அவரை ‘பல்லுக்காரர்’ என்றுதான் கூப்பிடும். இருபது வருஷமாக எத்தனையோ பொக்கை வாய்களைச் சிரிக்க வைத்தவர். ஆனால் அவர் செய்யும் பல்லுக்கு வேர் ஏது? ஈறுக்கு மேலே தெரிகிறவரைதான் அவர் ராஜ்ஜியம்.

அன்றைக்கு மகள் சைக்கிளிலிருந்து விழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு நேரே பட்டறைக்குள் வந்தாள். இன்னொரு கையை விரித்தாள். முன்பல், முழுசாக, வேரோடு!

அவருக்குக் கை கால் ஓடவில்லை. பாழாய்ப்போன பழக்கம் மட்டும் ஓடியது. பல்லை வாங்கி, வேரில் மண்ணைப் பார்த்ததும், குழாயடியில் பிரஷ்ஷால் சரக் சரக்கென்று மூன்று இழுப்பு.

அதற்குள் மனைவி, அவரிடம் பல் செட் வாங்கும் பல் டாக்டரைப் போனில் பிடித்துவிட்டாள். ஸ்பீக்கரில் டாக்டர் அலறினார்.

“வேரைத் தொடாதீங்க! அதுல ஒட்டியிருக்கிற நாருதான் பல்லை எலும்போட கட்டி வைக்குது. உயிருள்ள சமாச்சாரம். பால்ல போட்டு உடனே வாங்க. பல்லுக்காரரே, பிரஷ்ஷை எடுக்கலையே?”

“சேச்சே, இல்ல டாக்டர்.”

ஆட்டோவில் பால் டம்ளர் தளும்பியது.

“ஏங்க, காலை ஆட்டாம உக்காருங்களேன், சிந்துது!” என்றாள் மனைவி. மகள் துணியைக் கடித்தபடி அவர் முகத்தையே பார்த்தாள். குழாயடியில் அவளும்தானே நின்றாள்!

டாக்டர் பல்லைக் கையில் எடுத்ததும் அவர் கொட்டிவிட்டார். “தேச்சுட்டேன் டாக்டர். முன்பக்கம் மட்டும். மூணு தரம்.”

“அதானே பாத்தேன்! நல்லவேளை, சொன்னீங்க. பின்பக்க நாரு தப்பிச்சிருக்கு. தேச்ச இடத்துல எலும்பு நேரா பல்லுல ஒட்டிக்கிட்டா, அப்புறம் பல்லையே அரிச்சிடும்.”

பல்லைக் குழியில் அழுத்தி, பக்கத்துப் பற்களோடு கம்பி கட்டினார்.

இரண்டு வாரம் பல்லுக்காரருக்கு நிலைகொள்ளவில்லை. கட்டைவிரலால் தன் பற்களையே அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

“பாத்து, அதையும் புடுங்கிக்காதீங்க,” என்றாள் மனைவி.

கம்பியைக் கழற்றிவிட்டு டாக்டர் தொட்டபோது பல் நூலிழை அசைந்தது.

“ஐயையோ, ஆடுதே! நான் செஞ்ச பல்லு இப்படி ஆடினா திருப்பி அனுப்பிடுவீங்களே!”

“இவ்வளவு ஆடணும்யா! நாரு தொட்டில் மாதிரி தாங்கிப் பிடிச்சிருக்கு. கொஞ்சமும் அசையாம நின்னாத்தான் பயம். ஆறு மாசம் பாக்கணும்.”

வாசலில் மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “அப்பா, ஆடுதா ஆடுதான்னு தினம் கேக்கக் கூடாது.”

“கேக்கலம்மா.”

தெருமுனை திரும்புவதற்குள் கேட்டுவிட்டார்.