ரோலில் இல்லாத முகம்

ஸ்வேதாவுக்குக் கேமரா தேடித் தந்ததே அவள் கணவன் ஞானவேல்தான். கொடைக்கானலில் ஒரு விடுதிக்குக் காய்கறி வாங்கும் வேலை அவளுக்கு. பூண்டி, வடகவுஞ்சி என்று தோட்டம் தோட்டமாக ஜீப் ஓட்டிப் போவாள்.

"ஸ்வெட்டர் பாக்கெட்ல போடுற மாதிரி ஒரு ஃபிலிம் கேமரா பாத்துக் குடுங்க. உங்களோடது மாதிரி கழுத்துல தொங்குறது வேண்டாம்" என்றாள்.

ஞானவேல் பள்ளி ஆசிரியர். ஃபிலிமில் படமெடுப்பதில் பல வருடப் பழக்கம். பொறுமையாகத் தேடினான். ஜூம் வைத்தவை பாக்கெட்டில் துருத்திக்கொண்டு நிற்கும். மோட்டார் வைத்தவை சத்தம் போடும். பழுதானால் சரிசெய்ய ஆள் கிடைக்காது. கடைசியில் மதுரையில் ஒரு பழைய கேமரா கடையில் ஒலிம்பஸ் எக்ஸ்ஏ2 கிடைத்தது. சோப்புக்கட்டி அளவுதான். மூடியைத் தள்ளினால் படமெடுக்கத் தயார். கிட்டத்தில் ஒரு ஆள், கொஞ்சம் தள்ளி ஒரு கூட்டம், தூரத்து மலை என்று மூன்று குறிகள். ஒன்றை வைத்து அழுத்த வேண்டியதுதான். வாட்ச் கடை பேட்டரியே போதும்.

முதல் ரோலைக் கழுவச் சென்னைக்கு அனுப்பினார்கள். படங்கள் போனில் வந்ததும் இருவரும் சேர்ந்து பார்த்தார்கள்.

பூண்டு மூட்டைமேல் உட்கார்ந்து, தோட்ட வேலை செய்யும் கந்தம்மாள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். லாரி ஓட்டும் பாலு, கேரட் கழுவும் தொட்டியில் முகம் கழுவியபடி திரும்பிப் பார்த்தான். தாடியில் தண்ணீர் சொட்டியது. ஞானவேல் அந்தப் படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தான். அவன் படங்களில் மலைகள் அழகாக இருக்கும். மனிதர்கள் விறைத்து நிற்பார்கள். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அவன் கேமராவை இப்படிப் பார்த்ததில்லை.

"கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்றான்.

"ஆமால்ல" என்று அவள் அடுத்த படத்துக்குப் போனாள். அதிலும் பாலு. அதற்கடுத்ததிலும். ரோல் முழுக்கப் பார்த்தாயிற்று. ஞானவேல் ஒன்றில்கூட இல்லை.

அதன்பின் சாப்பிடும்போதெல்லாம், "பாலு வந்தானா?" என்று கேட்கத் தொடங்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு பூண்டிக்கே கிளம்பிவிட்டான்.

பாலு ஓடிவந்து கும்பிட்டான். "அக்கா எடுக்குறதே தெரியாது சார். பேசிக்கிட்டே எடுத்துருவாங்க. எம் பொண்டாட்டி நான் மூஞ்சி கழுவுற படத்தப் பெருசாப் போட்டுச் சுவத்துல மாட்டிட்டா."

ஞானவேல் சிரித்து வைத்தான். திரும்பும் வழியில் ஜீப்பை நிறுத்தச் சொன்னான்.

"என்னை ஏன் ஒண்ணுகூட எடுக்கல?"

ஸ்வேதா என்ஜினை அணைத்தாள். "எடுக்காமயா? மொதத் தடவ, வெளிச்சம் பின்னாடி இருக்குன்னீங்க. அடுத்த தடவ, குறிய மாத்துன்னு கேமராவக் கையில வாங்கிட்டீங்க. இன்னொரு தடவ, சட்ட மாத்திட்டு வாரேன்னு உள்ள போனவர்தான்."

அவன் இறங்கிச் சாலையோரம் நின்றான். "இப்ப எடு."

அவள் மூடியைத் தள்ளினாள். சூரியன் நேராக அவன் முதுகில் அடித்தது. சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். கேமராவில் ஃபிலிமை நகர்த்தும் சக்கரத்தை அவள் திருப்பினாள், நகரவில்லை.

"ரோல் முடிஞ்சிருச்சு. இருங்க."

கேமராவைப் பானட்டின்மேல் வைத்து, பழைய ரோலைச் சுற்றியெடுத்துவிட்டுப் புது ரோல் மாட்டத் தொடங்கினாள். ஃபிலிமின் நுனி பிடிபடாமல் நழுவிக்கொண்டே இருந்தது. தானே வாங்கி மாட்ட அவனுக்குக் கை பரபரத்தது. பாலுவின் வீட்டுச் சுவரை நினைத்தால் இன்னும் பொறாமையாக இருந்தது. இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, அவள் மாட்டி முடிக்கும்வரை நின்ற இடத்திலேயே நின்றான்.